பலகையின் கடைசி வரி

ஜனப்பிரபா வாசகசாலை,
பனவிளை முக்கு, பாறசாலை வழி
3-9-1997, புதன்

திரு. விஜயதாஸ் அவர்களுக்கு,

என் தங்கை ரத்னபாயின் கணவருக்கு நான் எழுதும் கடிதங்கள் 'மாப்பிள்ளைக்கு' என்று தொடங்குவது வழக்கம். இந்தக் கடிதம் அவருக்கு அல்ல. எல்லைச் சாராயத் தடுப்புப் படையின் ஆய்வாளருக்கு.

நேற்று மாலை உங்கள் காவலர் ஸ்ரீஜித், நனைத்த சாக்கு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வாசகசாலை முன் வந்து நின்றார். எங்கள் கரும்பலகையின் மலையாளப் பக்கத்தை முதலிலும் தமிழ்ப் பக்கத்தைப் பின்னரும், மாடு குளிப்பாட்டுகிற நிதானத்தோடு தேய்த்துத் துடைத்தார். எதிரே சாயாக்கடை நடத்தும் ராஜையா, "எலே போலீசே, பொறு! நான் பாதிதான் வாசிச்சேன்!" என்று கத்தினார். காவலர் என்னைப் பார்த்து, "ஏமான் பறஞ்ஞதா ஸாறே, ஞான் என்து செய்யானா?" என்றார். மேலிடத்துக் கட்டளை, தன்னால் என்ன செய்யமுடியும் என்பது அவருடைய நியாயம். கோட்டயத்திலிருந்து வந்த இளைஞர். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. கட்டளையிட்டவர்மேல் உண்டு.

பலகையில் இருந்தது என்ன என்பதை உங்களுக்கு நினைவூட்டுகிறேன். "ஆட்டோ ஓட்டும் ஜெயன் கள்ளச் சாராயம் குடித்து இரு கண்களிலும் பார்வை இழந்து மருத்துவக் கல்லூரியில் கிடக்கிறார். வந்திருக்கும் சரக்கில் விஷம் கலந்திருக்கிறது. யாரும் குடிக்கவேண்டாம். கண்டவர்: ஜெயனின் மனைவி சுமி." இதில் எந்தச் சொல் நாட்டின் பாதுகாப்பைக் குலைத்தது?

எங்கள் பலகைக்கு இரண்டே விதிகள். எழுதியதை மறுநாள் எழுதவருபவர் தவிர எவரும் அழிப்பதில்லை. யார் கண்டது என்ற கடைசி வரி இல்லாமல் எந்தச் செய்தியும் ஏறுவதில்லை. பனவிளைக்காரர்கள் அந்தக் கடைசி வரியைத்தான் முதலில் வாசிப்பார்கள். அதனால்தான் நம்புகிறார்கள். சென்ற ஆண்டு அரசு சாராயக் கடைகளை மூடியபின் எல்லைக்கு அப்பாலிருந்து என்ன வருகிறது, எப்படி வருகிறது என்று எந்த நாளிதழும் இவர்களுக்குச் சொல்லவில்லை. ஓணம் வருகிறது. குடிக்காதவனும் குடிக்கும் வாரம்.

எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்கீழ் துடைத்தீர்கள் என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். தொலைபேசியில் பேசமாட்டேன். ரத்னபாய் நெய்யாற்றின்கரையிலிருந்து இங்குள்ள பள்ளிக்குத் தினமும் பேருந்தில் வருகிறாள். கடிதங்கள் அவள் கைப்பையில் போய்வரட்டும்.

ரெத்தினதாஸ்,
செயலாளர்

*

நெய்யாற்றின்கரை
4-9-1997

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் ஆய்வாளருக்கு எழுதினாலும் பதில் எழுதுவது உங்கள் தங்கையின் கணவன்தான். ஆய்வாளர் எழுதினால் அது கோப்பில் ஏறும். இந்த விஷயம் கோப்பில் ஏறக்கூடாது.

பிரிவு கேட்டீர்கள். பிரிவு இல்லை. காரணம் இருக்கிறது.

ஜெயன் குடித்தது வெறும் மாதிரிச் சரக்கு. முழுச் சரக்கும் ஓணத்துக்காக இந்த வாரத்தில் வரப்போகிறது. எங்கே வந்து இறங்கும் என்று ஒருவன் எனக்குச் சொல்லியிருக்கிறான். சரக்கோடு மொத்தக்காரனும் அங்கே வருவான். இத்தனை நாள் ஒருமுறைகூட அவன் நேரில் வந்ததில்லை. உங்கள் பலகை முக்கில் நின்று 'விஷம்' என்று அலறினால் லாரி திரும்பிவிடும். திரும்பிய லாரி கடலில் போய்க் கொட்டாது, அத்தான். பொழியூரில் இறங்கும், பாலராமபுரத்தில் இறங்கும். பனவிளைக்குப் பலகை உண்டு. அந்த ஊர்களுக்கு?

இன்னொன்று. எனக்குச் சொன்னவன் குடும்பஸ்தன். போலீசுக்குத் தெரியும் என்ற வாடை அடித்தாலே, யார் சொன்னது என்று தேடுவார்கள். அவன் கழுத்துக்கு நான் பொறுப்பு.

சனிக்கிழமை வரை பொறுங்கள். அதன்பின் பலகையில் என்னையே கழுவிலேற்றி எழுதுங்கள். நானே சாக்பீஸ் வாங்கித் தருகிறேன்.

ரத்னபாய் இந்தக் கடிதத்தை வாங்கும்போது, "ரண்டு பேருக்கும் நான் என்ன அஞ்சல்காரியா? ஒரு போன் விளிச்சுப் பேசினா வாயில முத்தா உதிரும்?" என்கிறாள். உங்கள் மேலுள்ள கோபத்தையும் என்மேல்தான் காட்டுகிறாள்.

விஜயதாஸ்

*

பனவிளை முக்கு
5-9-1997, வெள்ளி காலை

திரு. விஜயதாஸ் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். ஒரு வாதமாக அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதனால்தான் அது எனக்கு அருவருப்பூட்டுகிறது.

பொழியூர்க்காரனைக் காக்கப் பனவிளைக்காரன் அறியாமல் இருக்கவேண்டும் என்கிறீர்கள். அந்தத் தராசைப் பிடிக்கும் உரிமையை உங்களுக்குக் கொடுத்தது யார்? ஜெயனின் கண்களைத் தூண்டிலில் கோத்து மொத்தக்காரனுக்காகக் காத்திருக்கிறீர்கள். பேச்சுரிமைக்கு நியாயமான கட்டுப்பாடுகள் உண்டு என்பதை முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நான் கற்பித்தவன். நாட்டின் பாதுகாப்பு உண்டு. பொது ஒழுங்கு உண்டு. நீதிமன்ற அவமதிப்பு உண்டு. ஆய்வாளரின் வசதி என்று ஒன்று அந்த வரிசையில் இல்லை. விஷம் இருக்கிறது என்று தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டிருந்தால், விற்றவனுக்கும் அவனுக்கும் இடையே எத்தனை அடி தூரம்?

ஆகவே நேற்று மாலை மீண்டும் எழுதினேன்.

காவலுக்கு நிறுத்தியிருந்த ஸ்ரீஜித்துக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பதை நீங்கள் யோசிக்கவில்லை. மலையாளப் பக்கத்தில் ஓண விழாவின் கயிறிழுப்புப் போட்டி பற்றி அழகாக எழுதினேன். அவர் அதை இரண்டு முறை வாசித்து, தானும் அணியில் சேரலாமா என்று கேட்டு, உங்கள் அலுவலகத்துக்கும் தொலைபேசியில் வாசித்துக் காட்டினார். அப்போது மறுபக்கத்தில் பனவிளை முழுவதும் கூடி நின்றது! ராஜையா சாயா அடிப்பதை விட்டுவிட்டு வந்து உரக்க வாசித்தார். "மெதுவா லே, போலீசு கேக்கும்" என்று ஒருவர் அதட்ட, "கேக்கட்டும், அவனுக்கு இது பாட்டாக்கும்" என்றார். வாசகசாலை தொடங்கிய இந்தப் பதினெட்டு ஆண்டுகளில் ஒரு செய்தியைச் சுற்றி அத்தனை முகங்கள் ஒளிர்வதை நான் கண்டதில்லை.

நான் எழுதியது வெறும் எச்சரிக்கையும் அல்ல. நேற்று மதியம் ஒருவர் என்னைத் தேடி வந்தார். "ஸாறே, இத பலகையில போடணும். வாழக்குலை மண்டியில ஏத்தன் குலை எறக்குதது நானாக்கும். முந்தி வந்த லாரியில குலைக்கு அடியில வைக்கோலப் போட்டு, வெள்ளைக் கன்னாஸ் அடுக்கி வச்சிருக்கான். மூடியத் தொறந்தா மூக்கு எரியுது. கண்ணால கண்டது. எனக்க பேரு மட்டும் வேண்டாம்" என்றார். பெயரை எழுதமாட்டேன் என்று வாக்களித்தேன். எழுதவும் இல்லை. "விஷச் சரக்கு ஏத்தன் வாழைக்குலைகளுக்கு அடியில் பிளாஸ்டிக் கன்னாஸ் கேன்களில் வருகிறது. கண்டவர்: மண்டியில் குலை இறக்கும் சுமட்டுத் தொழிலாளி ஒருவர்." கொடுத்த வாக்கையும் காத்தேன், பலகையின் விதியையும் காத்தேன். உங்களால் இரண்டில் ஒன்றைக் காக்கமுடிந்ததா?

ரெத்தினதாஸ்

*

5-9-1997, மதியம்
(ரத்னபாய் பள்ளியில் இருப்பாள். காலையில் உங்கள் கடிதத்தை வாங்கிவந்த ராபின்சன் என்ற காவலரிடமே பைக்கில் கொடுத்தனுப்புகிறேன்.)

அத்தான்,

என்ன செய்துவிட்டீர்கள்!

அந்த மண்டியில் குலை இறக்குபவர்கள் மூன்றே பேர். இருவர் மண்டிக்காரனின் சொந்த மச்சினன்மார். மூன்றாவது ஆள் பொன்னப்பன். உங்களிடம் வந்தவனும் அவன். எனக்குச் சொன்னவனும் அவன். இரண்டும் ஒரே ஆள், அத்தான்! என்னிடம் சொல்லி, நான் அசையவில்லை என்று கண்டு, பொறுக்காமல் உங்களிடம் வந்திருக்கிறான். பெயரை எழுதவில்லையாம்! முகவரியையே எழுதிவிட்டீர்கள்.

காலையில் மண்டிக்கு வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. அவன் மனைவி விலாசினி இங்கே வந்து என் மேசைக்கு முன்னால் நிற்கிறாள். அழவில்லை. "ஸாறு சொன்னதுனாலதான் இதுவரை வாயத் தொறக்காம இருந்தேன். இப்ப எனக்க ஆளு எங்க?" என்று ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள்.

என் படை நெடுஞ்சாலையில் லாரிக்குக் காத்திருக்கிறது, நானும் அங்கே போகிறேன். இப்போது மண்டிக்குள் புகுந்தால் அவன்தான் காட்டிக்கொடுத்தவன் என்று முத்திரை குத்தியதாகிவிடும். எல்லாம் உங்கள் கையில். உடனே பலகையைத் திருத்துங்கள். 'நேற்றைய செய்தி தவறு; சொன்னவர் மார்த்தாண்டத்திலிருந்து வந்த லாரி ஓட்டுநர்; மண்டியில் எவருக்கும் இதில் தொடர்பில்லை' என்று எழுதுங்கள். ஒரே ஒரு பொய். அரசியல் சாசனத்தை எனக்குத் திருப்பி அனுப்பவேண்டாம்.

விஜயதாஸ்

*

பனவிளை முக்கு
6-9-1997, சனி

விஜயதாஸ் அவர்களுக்கு,

நேற்று மண்டி வாசலில் நீங்கள் ஜீப்பிலிருந்து இறங்கினீர்கள். நான் உங்களுக்கு எதிரே நின்றேன். நீங்கள் வருவதற்கு முன் நடந்ததை எழுத்தில் தருவது என் கடமை.

உங்கள் கடிதம் கைக்கு வந்தபோது நான் சாக்பீஸை எடுத்துக்கொண்டு பலகைக்கு முன் போய் நின்றேன். 'கண்டவர்' என்ற வரியைப் பார்த்தேன். என் கையெழுத்து அச்சுப்போல் இருக்கும் என்று மாணவர்கள் சொல்வதுண்டு. அச்சுப்போல் ஒரு மனிதனைக் காட்டிக்கொடுத்திருந்தேன். வாக்கைக் காத்தேன் என்று காலையில் உங்களுக்கு எழுதிய அதே கை.

பொய் எழுதுவதா? பதினெட்டு ஆண்டுகளில் ஒரு பொய் ஏறாத பலகை. எழுதியிருப்பேன். உங்களிடம் மறைக்க விரும்பவில்லை, எழுதத்தான் கையை உயர்த்தினேன். ஆனால் அதை எவன் நம்புவான்? நேற்று எழுதியதை இன்று எழுதியவனே மறுத்தால், மண்டிக்காரனுக்குச் சந்தேகம் தீருமா, உறுதிப்படுமா? வெறுமனே அழித்தாலும் அதே கதி.

அதற்குள் மாலைக் கூட்டம் சேர்ந்துவிட்டது. என்ன ஸாறே, எழுதாம நிக்கிய என்று கேட்டார்கள். பொன்னப்பனின் பெயரை நான் சொல்லமுடியாது. ஆகவே இவ்வளவுதான் சொன்னேன்: "இந்தச் செய்தியை ஒரே ஒருவர்தான் கண்டிருக்கிறார். ஒருவர் மட்டும் கண்டது இதற்குப் போதாது."

கூட்டத்தின் பின்னாலிருந்து ஜெயனின் மனைவி சுமி முன்னே வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து துணி எடுக்க வந்தவள், கையில் தூக்குப் பாத்திரம். "எனக்க மாப்பிள்ளைக்குக் கண்ணு போச்சு. எனக்குக் கண்ணு உண்டுல்லா? நான் வந்து காணுதேன். மண்டி ஒண்ணும் மதறாசுல இல்லியே" என்றாள்.

சொல்லிவிட்டு அவள் நடக்கத் தொடங்கிவிட்டாள்!

அதன்பின் நடந்ததை நான் நடத்தினேன் என்று குற்றப்பத்திரிகையில் எழுதுவீர்கள். எழுதுங்கள், மறுக்கமாட்டேன். உண்மையில் நான் அவர்கள் பின்னால்தான் ஓடினேன், ஐம்பத்தாறு வயதில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. ராஜையா அடுப்பை அணைக்காமலே வந்தார். தையல் வகுப்புப் பெண்கள் வந்தார்கள். சபைக் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஆனந்தபாய் வேதப்புத்தகத்தோடு வந்தார். ஸ்ரீஜித் நடுச்சாலையில் கைகளை விரித்து மறித்து, "எங்ஙோட்டா எல்லாரும்?" என்று கேட்டார். பலகையின் தமிழ்ப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ராஜையா மலையாளத்தில் அவருக்குச் சொன்னார். அவர் முகம் சிவந்தது. "அப்போ கயிறிழுப்பு இல்லியோ?" என்றார். பிறகு தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எங்கள் எல்லாரையும் முந்திக்கொண்டு ஓடினார்.

மண்டியில் மண்டிக்காரனும் மச்சினன்மாரும் நின்றார்கள். லாரி அதற்கு முன்பே, வேறு வழியாக வந்து நின்றிருந்தது. நெடுஞ்சாலையில் நீங்கள் காத்திருந்த லாரி! ஒருவரும் ஒருவரையும் அடிக்கவில்லை. சுமி லாரியில் ஏறி ஒரு குலையைத் தூக்கிக் கீழே இருந்தவரிடம் கொடுத்தாள். அவர் அடுத்தவரிடம் கொடுத்தார். திருமண வீட்டுப் பந்தியில் இலை கைமாறுவதுபோல் குலைகள் இறங்கின. அடியில் வைக்கோல். வைக்கோலுக்கு அடியில் கன்னாஸ்கள், வெள்ளை வெளேரென்று. ஒவ்வொருவரும் வரிசையாக வந்து, குனிந்து, முகர்ந்து, பார்த்துப்போனார்கள்.

எடைபோடும் அறையின் கதவை ஸ்ரீஜித் உதைத்துத் திறந்தார். பொன்னப்பன் உள்ளே சாக்குக் குவியலில் கிடந்தார். உதடு கிழிந்து, ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. கட்டை அவிழ்த்தபோது என்னைப் பார்த்து அவர் சொன்ன சொற்களை அப்படியே தருகிறேன்: "வந்துட்டியளா ஸாறே? அடுத்த தடவ எழுதும்போ 'சுமட்டுத் தொழிலாளி'ண்ணு வேண்டாம். 'ஒருத்தன்'ண்ணு போட்டாப் போரும்."

திரும்பி வந்து செய்தியின் கடைசி வரியை மட்டும் அழித்தேன். அழிக்கும் உரிமை மறுநாள் எழுதவருபவனுக்கு உண்டு. 'கண்டவர்' என்று மீண்டும் எழுதி என் பெயரை முதலில் எழுதினேன். பிறகு சாக்பீஸ் கைமாறியது. "எனக்க பேரையும் போடுங்க", "தள்ளு லே, எனக்கு எடமில்ல" என்று பலகை நிறைந்து, மரச்சட்டம் நிறைந்து, பலகையின் காலிலும் எழுதினார்கள். எல்லாமே உண்மை. எல்லாரும் கண்டவர்கள். இனி அவர்களில் எவனைப் பிடித்து அடிப்பான் என்று பார்க்கிறேன்.

ரெத்தினதாஸ்

*

நெய்யாற்றின்கரை
9-9-1997

அத்தானுக்கு,

நீங்கள் வென்றதாக நினைக்கவேண்டாம். நான் வென்றதாகவும் சொல்லவில்லை.

மொத்தக்காரன் தப்பிவிட்டான். லாரிக்குப் பின்னால் காரில் வந்துகொண்டிருந்தவன் உங்கள் ஊர்வலத்தைக் கண்டு வண்டியைத் திருப்பினான் என்று ஓட்டுநர் வாக்குமூலம் கொடுத்திருக்கிறான். இனி எந்த எல்லையில், எந்தப் பழத்துக்கு அடியில் வருவானோ! மண்டிக்காரன் சரக்கோடு கையில் இருக்கிறான். மொத்தக்காரன் இல்லை. அவன் போகும் ஊரின் ஓணத்தையும் எண்ணிப் பாருங்கள்.

எண்ணவேண்டியது எனக்கும் உண்டு. உங்கள் முதல் எச்சரிக்கையை நான் துடைக்கச் சொன்ன அன்று இரவே, கனகதாஸ் என்ற கூலிக்காரன் அதே மாதிரிச் சரக்கைக் குடித்திருக்கிறான். பிழைத்துக்கொண்டான், சிறுநீரகம் போய்விட்டது. நேற்று வார்டில் அவனைப் பார்த்தேன். "பலகையில என்னமோ எழுதியிருந்துதாமே, நான் வரும்போ ஈரமாட்டுக் கெடந்துது" என்றான். அந்த ஈரம் என் கட்டளை.

இப்போது சட்டம். அத்துமீறி நுழைந்தது, கூட்டம் கூடியது, சரக்கில் கைவைத்தது எல்லாம் குற்றம். பலகையைத் தடயப்பொருளாகக் கைப்பற்றியிருக்கிறேன். என் அலுவலகத்தில் என் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறது. அதிலுள்ள பெயர்களைக் குற்றவாளிகளாக்கினால் மண்டிக்காரன் மேலுள்ள வழக்குக்கு எனக்குச் சாட்சியே இல்லை. சாட்சிகளாக்கினால் குற்றத்தை நான் காணவில்லை என்றாகும். முதல் பெயர் உங்களுடையது. நடுவில் ஒன்று, அதே தமிழ்ப் பக்கத்தில் மலையாளத்தில், காவலர் ஸ்ரீஜித்துடையது. வலது மூலையில் ஒன்று, பள்ளியிலிருந்து திரும்பும் வழியில் பேருந்தை விட்டிறங்கி எழுதியது. அந்தக் கையெழுத்தை எனக்குப் பத்தொன்பது ஆண்டுகளாகத் தெரியும். என் வீட்டு மளிகைச் சீட்டில் இருப்பது. "கேஸ் போடுங்க, வேண்டாம்ங்கல. ஜெயிலுக்குப் போனா சமைக்கதுக்கு ஆளப் பாத்துக்கிடுங்க" என்கிறாள்.

சாட்சிகள் என்றே எழுதியிருக்கிறேன். மேலிடம் கேட்டால் நானே பதில் சொல்வேன்.

ஒரு வார்த்தை தருகிறேன். விஷம் என்று எனக்குத் தெரிகிற அதே வேளையில் உங்கள் பலகைக்கும் தெரியும். எப்படி வருகிறது, யார் சொன்னது என்பது என்னோடு இருக்கட்டும். அந்தக் கடைசி வரியை மட்டும் எனக்கு விட்டுக்கொடுங்கள். பொன்னப்பன் நாகர்கோவிலில் தன் தம்பி வீட்டில் இருக்கிறான். விலாசினியும் போய்விட்டாள். மொத்தக்காரன் பிடிபடும்வரை அவர்கள் திரும்பமுடியாது.

விஜயதாஸ்

*

பனவிளை முக்கு
28-9-1997, ஞாயிறு

மாப்பிள்ளை விஜயதாஸுக்கு,

எச்சரிக்கும் வார்த்தையைத் தருவதாக எழுதியிருந்தீர்கள். அது நீங்கள் தரும் சலுகை அல்ல. கனகதாஸுக்கு நீங்கள் தரத் தவறியது. அந்தக் கோபம் எனக்குத் தணியவில்லை, தணிவதற்கு நான் முயலவும் இல்லை. அதே அளவு கோபத்தோடு தினமும் காலையில் கண்ணாடியிலும் ஒருவனைப் பார்க்கிறேன்.

பலகை உங்கள் நாற்காலிக்குப் பின்னால் நிற்பதால் இப்போது ராஜையாவின் கடைக் கதவுப் பலகையில் எழுதுகிறோம். கடை திறந்திருக்கும்வரை செய்தி சுவரில் சாய்ந்து நிற்கும். கடை சாத்தினால் செய்தி கதவாகிவிடும்.

ஜெயன் வீடு திரும்பிவிட்டார். தினமும் மாலை சுமி அவர் கையைப் பிடித்துக்கொண்டு முக்குக்கு அழைத்து வருகிறாள். அவருக்காகச் செய்தியை உரக்க வாசிக்கிறேன். நேற்று, நீங்கள் ரத்னபாயிடம் கொடுத்தனுப்பிய செய்தி: இன்னொரு சரக்கு வந்திருக்கிறது, நிறம் இப்படி, வாடை இப்படி, தொடவேண்டாம். எழுதினேன். வாசித்தேன். கூட்டம் வழக்கம்போல் கடைசி வரியைத் தேடியது. அங்கே வெறும் கதவுதான் இருந்தது.

"யாரு கண்டது ஸாறே?" என்று ஜெயன் கேட்டார்.

பதினெட்டு ஆண்டுகளில் நான் பதில் சொல்லாத முதல் கேள்வி. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள், பார்க்க முடியாத அவரும் முகத்தை என் பக்கம் திருப்பியிருந்தார். நம்பாமல் போய்விடுவார்களோ என்று அஞ்சினேன்.

"சொல்லமாட்டேன்" என்றேன்.

ஜெயன் கூட்டத்தின் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னார்:

"ஸாறு சொல்லமாட்டேங்காரு. அப்போ கண்ட ஆளு ஒருத்தன் உண்டு, இது நெசமாத்தான் இருக்கும். எவனும் தொட்டிராத லே!"

ரெத்தினதாஸ்